மலை தெரிந்தால் காற்று சுத்தமாம்

என் கணவருக்கு இழுப்பு. டவுனில் சூலியா தெருவில் கடைக்கு மேலே குடியிருந்தபோது, "இந்த வண்டிப் புகைதான் ஆகல" என்று சொல்லிச் சொல்லியே ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிக்கு எங்களைக் கொண்டுவந்து சேர்த்தார். மலையடிவாரம், மரம், நல்ல காற்று. வந்த பிறகு இழுப்பு கூடியதே தவிரக் குறையவில்லை.

பழி யார் மேல் விழும்? பிளாச்சான், அதுதான் இறால் விழுது, வறுக்கிற என் சட்டியின் மேல்தான். கடலுக்கு அக்கரையில் பாகான் டாலாமிலிருந்து ஞாயிறுதோறும் வரும் அவருடைய அக்கா வாசலிலேயே மூக்கைச் சுருக்குவார். "பிளாச்சான வறுத்து வறுத்தே என் தம்பி நெஞ்ச அடைச்சிட்டியே! ஜன்னல நல்லா தொறந்து வை லா, மலைக் காத்து வரட்டும்." அன்றோடு பிளாச்சான் சம்பல் வதக்குவதை விட்டேன். தினமும் தண்ணிச் சொதி. எனக்கே தொண்டையில் இறங்கவில்லை.

இந்த ஊரில் ஒரு பழக்கம், புகைமூட்டக் காலத்தில் ஒட்டிக்கொண்டது. மலை மங்கினால் வீட்டில் இரு, பளிச்சென்று தெரிந்தால் வெளியே போ. என் கணவரும் மதியம் பால்கனியில் நின்று மலையைப் பார்ப்பார். "பாரு, மேல இருக்கிற வீடுகூடத் தெரியுது!" சப்பாத்தை மாட்டிக்கொண்டு நடக்கக் கிளம்பிவிடுவார்.

அப்படிப் பளிச்சென்றிருந்த ஒரு நாள், திரும்பி வந்தவர் கீழ்ப்படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். உதடு நீலம் பூத்திருந்தது. வாயைத் திறக்கிறார், சத்தம் வரவில்லை. அப்படியே தாங்கிப் பிடித்துக் கிளினிக்குக் கொண்டுபோனேன்.

மூச்சு சீரான பிறகு கிளினிக் டாக்டரம்மா என்னிடம் சொன்னார்: "வண்டிப் புகையும் ஃபேக்டரிப் புகையும் வெயில்ல வெந்து ஓசோனா மாறும், அக்கா. கண்ணுக்குத் தெரியாது, ஆனா நெஞ்ச அடைக்கும். டவுன்லயும் அக்கரையிலயும் கெளம்புறத மத்தியானக் கடல்காத்து இங்க தள்ளிட்டு வரும், மலை மறிச்சுக்கும். வானம் தெளிவா, வெயில் சுள்ளுன்னு இருக்குற நாள்லதான் ஜாஸ்தி. மழ பெஞ்சா அடங்கிடும்."

இத்தனை நாள் அக்கரைப் புகைக்கு என் சம்பல் பழி சுமந்திருக்கிறது! காற்றோடு சண்டை போட முடியுமா? நாத்தனாரோடு போடலாம், போட்டேன். "எல்லாம் உங்க ஊருப் புகை, அண்ணி!"

"ஏன், நான்தான் ஊதி விடுறேனா?" என்றார்.

நேற்று மதியம் மலை துடைத்துவிட்ட மாதிரி தெரிந்தது. இவர் சப்பாத்தைக் கையில் எடுத்தார். எத்தனை தடவைதான் கத்துவது? மலையைப் பார்த்தார். கீழே படிக்கட்டைப் பார்த்தார். சப்பாத்தை வைத்துவிட்டு ஜன்னல்களை அவரே சாத்தினார்.

"பிளாச்சான் இருக்கா?"

ஜன்னலைச் சாத்திவிட்டுக் கேட்கிற கேள்வியா இது! திட்டத்தான் வாயெடுத்தேன். பக்கத்தில் அவர் மூச்சு சீராகக் கேட்டது.

"மழ வரட்டுங்க," என்றேன். "எல்லா ஜன்னலையும் தொறந்துட்டு வறுக்குறேன்."