ராணி வேஷத்துக்கு மஞ்சள் தண்ணீர்

இங்கிலாந்தில் கஞ்சி போட்ட துணியை வெயிலில் காயவைக்க முடியாது. வெயில் வந்தால்தானே? சன்னலுக்குக் கீழே சுவரோடு ஒட்டினாற்போல் ஓர் இரும்புப் பட்டை இருக்கிறது. அதற்குள் சுடுதண்ணீர் ஓடும். ரேடியேட்டர் என்கிறார்கள். என் சேலை, மருமகளின் ஆஸ்பத்திரிச் சட்டை எல்லாம் அதன்மேல் கிடந்துதான் காயும். இந்தக் கோடையில் அவற்றுக்கு நடுவே ஒரு வெள்ளைத் துணி வளையமும் காய்ந்தது. மடிப்பு மடிப்பாக, தலைச்சுமைக்கு வைக்கிற சும்மாட்டை எடுத்துக் கழுத்தில் வைத்துக்கொண்டது போல இருக்கும். என் மகன் செந்தில் கட்டுவது. ரஃப் என்று பெயராம். கடையில் விற்கிற கஞ்சி மாவு போட்டு அது தொங்கிப் போயிருந்தது. நான்தான் ஊரிலிருந்து கொண்டுவந்த ஜவ்வரிசியைக் காய்ச்சி, எங்கள் பக்கத்து இளம்பிள்ளை ஊரில் தறிச் சேலைக்குப் போடுகிற பதத்தில் போட்டு, விரலால் ஒவ்வொரு மடிப்பாக நிமிர்த்தினேன். அப்படியே விறைத்துக்கொண்டு நின்றது. செய்து கொடுத்துவிட்டு, யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று சன்னல் திரையை இழுத்துவிட்டேன்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். அவசரம் ஒன்றும் இல்லை. ஊரில் என்னைப் போனில் பார்த்துச் சிரித்தவர்களுக்கும், இங்கே என்னைப் போலப் பிள்ளைகளோடு வந்து இருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

செந்திலுக்கு நாற்பது தாண்டிவிட்டது. கம்ப்யூட்டர் கம்பெனியில் பத்துப் பேரை வேலை வாங்குகிற இடத்தில் இருக்கிறான். சனிக்கிழமை வந்தால் மட்டும் வேறு ஆளாகிவிடுவான். இந்த நாட்டில் நானூறு வருஷத்துக்கு முந்தின நாடகங்கள் இருக்கின்றன. அவற்றின் மேல் கிறுக்குப் பிடித்த கூட்டம் ஒன்று இருக்கிறது. சினிமா நடிகனுக்கு நம் ஊரில் மன்றம் வைத்திருப்பார்களே, அதுபோலச் செத்துப்போன ராஜாக்களுக்கு இவர்கள் வைத்திருக்கிறார்கள். நாடகம் எழுதினவரின் வழுக்கைத் தலை போட்ட காப்பிக் கோப்பை, அதே தலையோடு குளியலறையில் மிதக்கிற ரப்பர் வாத்து, மண்டையோட்டுத் தலையணை, எல்லாம் எங்கள் வீட்டில் உண்டு. அந்த ஆளின் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுகிறார்கள். கெட்டவன் பக்கம் ஒரு கட்சி, நல்லவன் பக்கம் ஒரு கட்சி என்று சட்டையில் எழுதிப் போட்டுக்கொண்டு, நிஜப் பங்காளிகளைப் போலச் சண்டை போடுகிறார்கள். கோடைக்காலத்தில் பூங்காவில் மரத்தடியில் நாடகம் போடுவார்கள். பார்க்க வருகிறவர்கள் கையில் கட்டம் போட்ட ஓர் அட்டை வைத்திருப்பார்கள். மேடையில் ஓர் ஆள் செத்தால் அட்டையில் ஒரு கட்டத்தை அடித்துவிட்டு, "ஹே!" என்று கத்திக் காகித ரோஜாப் பூவை வீசுவார்கள். அந்தக் காலத்தில் இங்கேயும் பெண்கள் மேடை ஏறமாட்டார்களாம். அதனால் ஆண்களே பெண் வேஷம் கட்டுவது இவர்களுக்கு ஒரு பெரிய குஷி. இந்த வருஷம் கத்திக்குத்துப் பட்டுச் சாகிற ராணி வேஷம் என் மகனுக்குக் கிடைத்தது. வருஷக்கணக்காக வேல் பிடித்து ஓரத்தில் நின்றவன். வேஷம் கிடைத்த அன்று சின்னப் பிள்ளை போலப் படியில் தாவித் தாவி ஏறினான்.

எனக்கு உடம்பு கூசியது. நாங்கள் எடப்பாடிக்கும் சங்ககிரிக்கும் நடுவே கிணறும் காடும் வைத்துப் பிழைத்த குடும்பம். எங்கள் வீட்டு ஆண்கள் கூத்துக்குச் செலவு கொடுப்பார்கள், முன்வரிசையில் கயிற்றுக் கட்டில் போட்டுப் பார்ப்பார்கள், ஆடமாட்டார்கள். வாராவாரம் போனில் பேசுகிற என் நங்கையாவிடம், அதாவது என் வீட்டுக்காரரின் அக்காவிடம், "சனிக்கிழமையானா ஆபீஸ் மீட்டிங்குங்க" என்றே சொல்லிவந்தேன்.

எங்கள் ஊர் நோம்பியில், அதாவது கோயில் திருவிழாவில், கூத்து வைப்பார்கள். கதையில் அண்ணன் தம்பிகள் சண்டையில் செத்து விழுகிற கட்டம் வரும்போது மத்தளம் நின்றுவிடும். விழுந்தவன் விழுந்தபடி மண்ணில் கிடப்பான். அவனைப் பெற்றவள், அவள் இல்லாவிட்டால் கட்டினவள், சொம்பில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து முகத்தில் தெளித்து, நெற்றியில் திருநீறு வைத்து, "எந்திரி சாமி" என்று கூப்பிட வேண்டும். அதுவரை கூட்டத்தில் ஓர் ஆள் எழுந்திருக்கமாட்டார்; அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகக்கூட மாட்டார்கள். கோமாளி வேஷக்காரன் விழுந்தாலும் யாரும் சிரிக்கமாட்டார்கள். அப்படி எழுப்பப்படாமல் தானாக எழுந்து வந்தவனை வீட்டு வாசற்படி ஏறவிடமாட்டார்கள். ஆகாது. சாவு பொய்தான், ஆனால் விழுந்த உடம்பு நிஜம் அல்லவா?

செந்திலுக்குச் சின்ன வயதில் அதே விளையாட்டுத்தான். களத்தில் சோளத்தட்டு ஒன்றை எடுத்து வயிற்றில் குத்திக்கொண்டு விழுவான். நான் வந்து தண்ணீர் தெளிக்காமல் எழுந்திருக்கமாட்டான். "மாட்டுக்குத் தண்ணி காட்டோணும், எந்திரிடா" என்று கத்தினால் கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொள்வான். ஒருநாள் நான் மரவள்ளிக் காட்டிலிருந்து வரத் தாமதமாகி, வந்து பார்த்தால் காலெல்லாம் எறும்பு கடித்துத் தடித்திருக்கிறது, அப்போதும் செத்தே கிடக்கிறான்.

நாடகத்தன்று மருமகளுக்கு ஆஸ்பத்திரி வேலை. என்னை மட்டும் கூட்டிப்போய் முன்வரிசையில் மடக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்தான். பக்கத்தில் மார்கரெட். அந்தக் கூட்டத்துக்கே தலைவி; என் வயதுதான் இருக்கும். காகிதக் கிரீடம் வைத்திருந்தாள். எனக்கும் ஒன்று நீட்டினாள், மடியில் வைத்துக்கொண்டேன். என் மகன் பச்சைப் பட்டுக் கவுனில் வந்தான். நான் கஞ்சி போட்ட கழுத்துப்பட்டை நிமிர்ந்து நின்றது. முகத்தில் மாவு, உதட்டில் சிவப்பு. நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் குரல் வந்தபோது நிமிர்ந்துவிட்டேன். ஒரு சொல் புரியவில்லை. அத்தனை பேரையும் அசையாமல் பிடித்து வைத்திருந்தான். பிறகு ஒருவன் பின்னால் வந்து குத்தினான். என் பிள்ளை மெள்ள மடங்கி, புல்லில் விழுந்தான். கண் மூடிவிட்டது. கை என் பக்கமாக நீண்டு கிடந்தது.

"ஹே!" என்றது கூட்டம். ரோஜாப் பூக்கள் பறந்தன. பேனாக்கள் அட்டையில் கட்டம் அடித்தன. மார்கரெட் சிரித்துக்கொண்டே என் முழங்கையை இடித்தாள்.

நான் எழுந்ததை நானே பிறகுதான் உணர்ந்தேன். கிளம்பும்போதே, நாடகம் முடிந்து யாரும் பார்க்காத இடத்தில் தெளித்துக்கொள்ளலாம் என்று பாட்டிலில் மஞ்சள் கலந்து பைக்குள் வைத்திருந்தேன். சேலை முந்தானையில் திருநீறு முடிந்திருந்தேன். என் பிள்ளை செத்துக் கிடக்கிறான், ஊர் சிரிக்கிறது. இன்னும் ஒரு நிமிஷம் அங்கே உட்கார என்னால் முடியவில்லை. குத்தினவனைத் தாண்டிப் போய்க் குனிந்து, முகத்தில் தெளித்து, நெற்றி மாவின்மேல் திருநீறு இட்டு, "எந்திரி சாமி" என்றேன். செந்தில் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். அந்தக் கதையில் அவன் எழவே கூடாது. கடைசிவரை பிணமாகக் கிடக்க வேண்டியவன். எழுந்து நின்றுவிட்டான்.

பிறகு பூங்காவே இடிந்துவிடும் போல ஒரு கூச்சல், கைதட்டல், விசில். அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. எத்தனையோ வருஷம் காத்திருந்து கிடைத்த வேஷத்தைக் கெடுத்துவிட்டேனே என்று உள்ளங்கால் வரை வெட்கம் இறங்கியது. மன்னிக்கச் சொல்லி எல்லோரையும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். நடிக்கிறவர்கள் ஆட்டம் முடிந்து கும்பிடுவது போல அது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அத்தனை பேரும் எழுந்து, எனக்குத் திருப்பிக் கும்பிட்டுவிட்டு, இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

காரில் வீடு திரும்பினோம். நான்தான் கேட்டேன்.

"ஏஞ் சாமி, நீ எதுக்கு எந்திரிச்ச?"

"பின்ன என்ன பண்றதுங்கம்மா? எல்லாரும் பாக்கறாங்க. உங்களை எப்புடித் திரும்ப உக்கார வெக்கறதுன்னு எனக்குத் தெரியலீங்க."

என்னை எண்ணி வெட்கப்பட்டு எழுந்திருக்கிறான். நான் கூப்பிட்டதற்காக அல்ல. அந்த ஒரு சொல் எனக்குள் முள்ளாகத் தைத்துவிட்டது. அவன் கவுன் கட்டியதில் நான் பட்ட வெட்கமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. எறும்பு கடித்தும் என் குரலுக்காகக் கிடந்த பிள்ளை எங்கே போனான் என்று நினைத்தபடி, மடியில் கிடந்த காகிதக் கிரீடத்தைத் தடவிக்கொண்டே வந்தேன்.

யாரோ போனில் எடுத்த படம் நாங்கள் வீடு சேரும் முன்பே எடப்பாடி போய்ச் சேர்ந்துவிட்டது. நங்கையா கூப்பிட்டாள்.

"ஏனுங்க, ஆபீஸ் மீட்டிங்கு நல்லா நடந்துச்சுங்களா?"

"நடந்துச்சுங்க."

"கவுன் வெச்சுக்கிட்டுத்தான் மீட்டிங் போடுவாங்களாட்ட இருக்குது. நீங்களும் நல்லாத்தான் ஆடறீங்க. இங்கிருந்தப்ப இந்தத் தெறமையெல்லாம் எங்கீங்க வெச்சிருந்தீங்க?"

போனை வைத்துவிட்டுச் சோறு வடிக்கப் போனேன். கண்ணில் ஆவி பட்டதாகச் சொல்லிக்கொண்டேன்.

இரண்டொரு நாளில் மார்கரெட் வீட்டுக்கே வந்தாள். கையில் அமுக்கினால் பீச்சுகிற பாட்டில். உள்ளே கேசரிப் பவுடர் நிறத்தில் தண்ணீர். என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ ஆசையாகச் சொன்னாள். நான் தலையை ஆட்டி, டீயா என்று கேட்டேன். அவள் எதற்கோ நான் சம்மதித்துவிட்டதாக நினைத்துத் துள்ளினாள். செந்தில்தான் விளக்கினான்.

"அடுத்த சனிக்கிழமையும் நீங்க வந்து எழுப்போணுமாம்மா. இனி வருசா வருசம் இதை வெச்சுக்கலாங்கறாங்க. எல்லாரும் மஞ்சத் தண்ணி கொண்டாருவாங்களாம். ஆசையாத்தான் கேக்கறாங்க."

"ஏஞ் சாமி," என்றேன், "நாளைக்கு நான் நெசமாச் செத்துக் கெடந்தாலும் இப்புடித்தான் கைதட்டுவாங்களா?"

செந்தில் என்னையே பார்த்தான். பிறகு மார்கரெட்டிடம் நிதானமாக, நீளமாக ஏதோ சொன்னான். அவள் முகம் சிவந்து, பாட்டிலை மேசைக்கு அடியில் மறைத்தாள். போகும்போது என் கையை இரண்டு கையாலும் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள். ஆனால் அதற்குள் அவர்கள் குழுவில் மஞ்சள் தண்ணீர்ச் செய்தி பரவிவிட்டிருந்தது.

அடுத்த சனிக்கிழமை நான் போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். "வந்து உக்காருங்கம்மா. தண்ணி மட்டும் வேண்டாங்க" என்றான். போனேன். ராணி விழுந்ததும் நாலா பக்கமும் பாட்டில்கள் பீச்சின. "எந்திரி சாமி! எந்திரி சாமி!" என்று வெள்ளைக்காரக் குழந்தைகள்கூடக் கூவின. கவுனெல்லாம் மஞ்சள் சாயம். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் கையை மடியில் வைத்து அமுக்கிக்கொண்டேன். மார்கரெட்டின் மடியிலும் பாட்டில் ஏதும் இல்லை. அத்தனை பேர் அத்தனை நேரம் கூப்பிட்டும் என் மகன் எழவில்லை. ஓர் இமை அசையவில்லை. ரொம்ப நேரம் கழித்துக் கூட்டம் தானாகவே அடங்கியது. அந்த அமைதியில் மற்றவர்கள் கதையை முடித்தார்கள். கடைசியில் செத்தவர்கள் எல்லோரும் எழுந்து ஆடுவது அவர்கள் வழக்கம். செந்தில் எழுந்து ஓரமாக நின்றான், ஆடவில்லை.

வீடு வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. நான் கதவைத் திறந்து உள்ளே போய்ச் செருப்பைக் கழற்றினேன். பின்னால் காலடிச் சத்தம் வரவில்லை. திரும்பினால், பச்சைக் கவுனோடும் தொங்கிப்போன கழுத்துப்பட்டையோடும் படிக்கு வெளியே நின்றுகொண்டிருக்கிறான்.

"நனையறியே சாமி, உள்ள வா."

"தண்ணி கொண்டாங்கம்மா."

"இதெல்லாம் நீ நம்பறியா?"

"நம்பறனோ இல்லியோ. ஊட்டுக்குள்ள வரக் கால் வரமாட்டேங்குதுங்க."

எதிர்வீட்டுச் சன்னலில் திரை விலகியது. இரண்டு முகங்கள் தெரிந்தன. எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஓடிப்போய்ச் சொம்பில் மஞ்சள் கரைத்துக்கொண்டு வந்தேன். அவன் வெளிப்படியில், நான் உள்படியில். ஒரு கால் வீட்டுக்குள்ளும் ஒரு கால் மழையிலுமாக நின்று, எட்டி அவன் முகத்தில் தெளித்தேன். நெற்றியில் திருநீறு வைத்தால் மழை கரைக்கிறது. மறுபடி வைக்கிறேன், மறுபடி கரைகிறது. அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, நான் கூப்பிடுவதற்காக நின்றான். கன்னத்தில் வழிந்ததில் எது என் சொம்புத் தண்ணீர், எது இந்த ஊர் மழை என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.