வெட்டு எதிர்ப்பக்கம்

பிஸ்டனைக் கையில் எடுத்ததும் முதலில் சட்டையின் இடது தோளில் துடைப்பார். துடைக்கும் துணியை நம்ப மாட்டார். "துணியில எவன் மண்ண அப்பி வச்சிருக்கானோ" என்பார். பிறகு காதருகே பிடித்து நகத்தால் ஒரு சுண்டு. ஓசை பிடித்தால் "பேசுது." பிடிக்காவிட்டால் பெட்டியில் திரும்ப வைத்துவிடுவார்.

ஒரே வகைப் பழைய கார், அதன் நாலு சிலிண்டர் எஞ்சின். அதை மட்டும் பிரித்துக் கட்டுபவர். வயது அறுபத்திரண்டு. வீட்டோடு ஒட்டிய பட்டறை, பதினான்கடிக்குப் பதினோரடி. தொழில்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் 'எதிர்ப்பக்கம்'.

பெயருக்குக் காரணம் உண்டு. இந்தக் காலத்துப் பிஸ்டன் தலையில், முன்பக்கம் எது என்று காட்ட அம்புக்குறி இருக்கும். அவர் கைக்கு வரும் பழசுகளில் அது கிடையாது. பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரு வெட்டு மட்டும் இருக்கும். சூட்டில் விரியும்போது இடம் கொடுப்பதற்காக. எஞ்சின் ஓடும்போது வெடிப்பின் விசை பிஸ்டனைச் சிலிண்டரின் ஒரு பக்கம் சாய்த்து அழுத்தும். வெட்டு அந்தப் பக்கம் வந்துவிடக் கூடாது. அதற்கு நேர் எதிரே இருக்க வேண்டும். அவர் எஞ்சினைத் தாங்கியில் ஒரே வாட்டத்தில் ஏற்றுவார், சுவரைப் பார்த்து ஒரே இடத்தில் நிற்பார். அங்கிருந்து வெட்டு அவருக்கு எதிர்ப்பக்கம், சுவர்ப்பக்கம். "எனக்கு அம்பும் வேணாம், வில்லும் வேணாம். வெட்டு என் மூஞ்சியப் பாக்கக் கூடாது, அவ்வளவுதான்." இருபத்தெட்டு வருடம் அது தப்பியதில்லை.

போன வருடம் மனைவி படுத்துவிட்டார். பட்டறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே ஒரு கதவுதான். ஆனால் இவர் சுவரைப் பார்த்து நின்றால் அந்த அம்மாவுக்கு முதுகு மட்டும்தான் தெரியும். இரண்டாம் நாளே தாங்கியை எஞ்சினோடு அப்படியே திருப்பிப் போட்டார். தானும் சுற்றிப் போய், சுவரில் முதுகு படும்படி, கட்டிலைப் பார்த்து நின்றுகொண்டார்.

"என்னைப் பாக்குறீங்களா, பிஸ்டனைப் பாக்குறீங்களா?"

"ரெண்டையுந்தான்."

"ஒரே நேரத்துல ரெண்டு வேலை! அதுவும் நீங்க!"

ஏழு மாதம், பத்தொன்பது நாள். அதில் மூன்று எஞ்சின் முடித்தார். நான்காவது வந்து சேர்ந்த வாரம் அந்த அம்மா போய்விட்டார்.

வீட்டை ஒழுங்குபண்ண வந்த மச்சினன், நல்ல எண்ணத்தில்தான், தாங்கியைப் பழையபடி திருப்பி வைத்தார். "முன்ன மாதிரியே இருந்தாத்தான் மாமா வேலையில மனசு போகும்." இவரும் தலையாட்டினார். தாங்கி திரும்பிவிட்டது, இவர் நிற்கும் இடம் திரும்பவில்லை. சுவரோரமாகவே போய் நின்று, திறந்த கதவைப் பார்த்தபடி, நான்கு பிஸ்டன்களையும் வெட்டு எதிர்ப்பக்கமாக இறக்கினார். நான்கும் தப்பு.

அந்த எஞ்சின் ஒரு பல் டாக்டருடைய காருக்கு. காரை வாங்கியவர் டாக்டரின் அப்பா; வயது எண்பத்தொன்பது. ஞாயிற்றுக்கிழமை அவரை அதில் ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றிவர வேண்டும் என்று ஏற்பாடு. புதன் காலை முதல்முறை கிளப்பியபோது உள்ளே டொக், டொக் என்று அடித்தது. ஆறு நிமிடத்தில் சூடேறியதும் அடங்கிவிட்டது. டாக்டர் வந்தது அதற்குப் பிறகு.

"அருமையா ஓடுதேண்ணே! தையல் மிஷின் மாதிரி."

"பிரிக்கணும் டாக்டர்."

"எதுக்கு? எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"இப்பக் கேக்காது. ஆறட்டும், கேக்கும். பிஸ்டன் நாலும் திரும்பி உக்காந்திருக்கு."

"யாரு மாத்திப் போட்டா?"

"நாந்தான்."

டாக்டர் சிரித்தார், இவர் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை போகட்டுமேண்ணே. அப்பா இன்னும் எத்தனை ஞாயித்துக்கிழமை..."

"சனிக்கிழமை சாயங்காலம் வண்டி உங்க வீட்டு வாசல்ல நிக்கும். இப்படியே குடுத்தா, அவர் ஏறி உக்காந்ததும் முதல்ல கேக்கறது அந்த டொக்குச் சத்தமாத்தான் இருக்கும்."

"நீங்க போய் எப்படிண்ணே தப்பு விட்டீங்க?"

"நின்ன இடம் தப்பு."

டாக்டரின் பார்வை கதவுக்குள் போய், சுருட்டி வைத்த மெத்தையில் பட்டுத் திரும்பியது.

விஷயம் தெரிந்து மச்சினன் ஓடிவந்தார். "என்னாலதான் மாமா எல்லாம். தாங்கிய மறுபடி திருப்பிடவா? நீங்க கதவப் பாத்துக்கிட்டே வேலை செய்யுங்க."

"பாத்து?"

மச்சினன் தாங்கியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

வியாழன் முழுவதும் பிரித்தார். வெள்ளி காலை தாங்கியைச் சுற்றி நடந்துவந்து, பழைய இடத்தில், முதுகைக் கதவுக்குக் காட்டி நின்றார். உடனே வேலையில் இறங்கவில்லை. கால் இரண்டு தடவை நகர்ந்து, இரண்டு தடவையும் திரும்பி வந்தது. பிறகு முதல் பிஸ்டனை எடுத்து, வெட்டு சுவரைப் பார்க்கும்படி சிலிண்டர் வாயில் வைத்து, வளையங்களை இறுக்கிப் பிடித்தார். இனிச் சுத்தியல் காம்பால் தட்டி இறக்க வேண்டியதுதான். ஓங்கிய கை நின்றது. இடது உள்ளங்கையைப் பிஸ்டனின் தலைமேல் விரித்து வைத்து, தன் புறங்கையின்மேல் மெல்லத் தட்டினார், படுக்கையறைக்குச் சத்தம் போகாதபடி.