மத்தாப்புப் பெட்டியிலிருந்து இறங்கிய கவுன்

நான் முதன்முதலில் எழுத்துக்கூட்டிப் படித்தது பாடப்புத்தகத்தை அல்ல, மத்தாப்புப் பெட்டியை. சிவகாசியில் அச்சாபீசில் வேலை பார்த்த மாமா, கோணலாக வெட்டுப்பட்டதால் கழித்துப் போட்ட லேபிள்களைக் கட்டாகக் கொண்டுவந்து தருவார். அதில் ஒரு சிறுமி கம்பி மத்தாப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். உப்பிய கை, இறுக்கிப் பிடித்த இடுப்பு, அதற்குக் கீழே விரித்த குடை போல ஒரு கவுன்.

அம்மா சின்னப் பிள்ளையாக லேபிள் ஒட்டிய காலத்திலும் அந்தச் சிறுமி அதே கவுனில்தான் நின்றாளாம். அப்போது ரோஸ், பிறகு மஞ்சள், என் காலத்தில் நீலம். பெட்டிகளில் சாமிகள் மாறின, நடிகர்கள் மாறினார்கள், அந்தக் குடை மட்டும் மடங்கவே இல்லை. முதலில் வரைந்தவர் எந்த வெள்ளைக்காரப் பிள்ளையின் படத்தைப் பார்த்து வரைந்தாரோ, மாமாவுக்கும் தெரியாது. இன்று விருதுநகர் ஜவுளிக்கடைகளில் அனார்கலி என்றும் அம்பர்லா என்றும் பெயர் சொல்லி எடுத்துப் போடுகிறார்கள். எந்தப் பெயர் சொன்னாலும் எனக்கு அது மத்தாப்புப் பெட்டிக் கவுன்தான். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்த உருவம் பிடிக்காமல் போகாது. நின்றால் புஸ்வாணம், சுற்றினால் சங்குசக்கரம்.

அந்தக் கவுன் எங்கே கிடைக்கும் என்று மாமாவை நச்சரித்தேன். அவர் முகத்தை மாற்றாமல் சொன்னார்: “அந்தப் பிள்ளைக்குத் துணி எடுத்துக் குடுத்ததே நாந்தான். ஒனக்கும் எடுத்தாரேன்.” நான் நம்பினேன். தீபாவளி சீசனில் ஒருநாள், சொன்னபடியே, நீலத்தில் பளபளவென்று ஒரு கவுனோடு வந்து நின்றார்.

அம்மா அதை விரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஓரத்தை விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்தாள். “நைலான்லா இது,” என்றாள். பிறகு என் நிம்மதியைக் கெடுத்த ஒன்றைச் சொன்னாள்: “மாமா கூட்டிட்டுப் போகையில போட்டுக்கோ. நான் வேலை முடிஞ்சு வாரயில இது ஓம் மேல இருக்கக்கூடாது.” தன் நூல் சேலைகளுக்கு அடியில், டிரங்குப் பெட்டியில் வைத்து மூடிவிட்டாள். நூல் சேலையைத் தவிர வேறெதையும் அவள் உடுத்தி நான் பார்த்ததில்லை. அவளுக்குப் பிடித்தது அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

அம்மா பார்க்காத கவுன் எதற்கு? தாயில்பட்டிக்கு வெளியே இருந்த பட்டாசுக் கம்பெனியில் அவள் புஸ்வாணத்துக்கு மருந்து அடைத்தாள். ஆர்டர் முடியும்வரை ஞாயிற்றுக்கிழமைகூடக் கிடையாது. நான் உட்காருவேன், எழுந்திருப்பேன், பெட்டியைத் திறந்து கையை உள்ளே விடுவேன். நீலம் சரசரக்கும். மூடிவிட்டு வாசலுக்கு ஓடுவேன், திரும்பவும் வருவேன். பள்ளிக்கூடம் இல்லாத ஒரு மத்தியானம் அதற்கு மேல் தாங்கவில்லை. கவுனை மாட்டிக்கொண்டு கம்பெனிக்கே கிளம்பிவிட்டேன். வழியெல்லாம் சீமைக்கருவேல முள் கவுன் ஓரத்து லேசைப் பிடித்து இழுத்தது. நடந்தால் கவுன் ஆடவில்லை என்று ஓடினேன்.

உள்ளே போகிறவர்களிடம் தீப்பெட்டி, கொண்டை ஊசி இருக்கிறதா என்று பார்க்கும் வாட்ச்மேன், என்னைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு ஆள் அனுப்பினார். கம்பிக்கு அந்தப் பக்கம் மருந்து அறைகள், பேச்சுவார்த்தை இல்லாத சொந்தக்காரர்களின் வீடுகள் போலத் தள்ளித் தள்ளி நின்றன. சாப்பாட்டு வேளை முடிந்து உள்ளே போன பெண்கள் ஒவ்வொருவரும் வாசலில் அடித்திருந்த செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்துவிட்டுப் போனார்கள். சாமி கும்பிடுகிறார்கள் என்று நினைத்து நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அம்மா வெறுங்காலோடு ஓடிவந்தாள். முழங்கைவரை வெள்ளி நிற மருந்துப் பொடி. என்னைப் பார்த்ததும் தூரத்திலேயே நின்றுவிட்டாள். அவள் பின்னால் வந்த ஒருத்தி, “யக்கா, பொட்டியில நின்ன பிள்ளை எறங்கி வந்துட்டாக்கா,” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அதற்காகத்தானே வந்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினேன். சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

“சுத்தாத. அங்கனயே நில்லு.”

அம்மா கத்தவில்லை. மெதுவாகச் சொன்னாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கையை நீட்டிக்கொண்டு கேட்டை நோக்கி ஓடினேன். அவள் பின்வாங்கினாள். வாட்ச்மேன் என் தோளைப் பிடித்துக்கொண்டார். நீலத்தில் பொடி ஒட்டிவிடும் என்றுதான் விலகுகிறாள் என்று எனக்குப் பட்டது. “அழுக்கானாப் பரவாயில்லம்மா,” என்று கத்தினேன். அவள் முகத்தில் ஏதோ அசைந்தது. “நல்லாருக்கு தாயி. வீட்டுக்குப் போ. வந்து பாக்கேன்,” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

நான் கவுனைக் கழற்றவில்லை. சாயங்காலம்வரை வாசலுக்கும் அடுப்படிக்கும் அலைந்துகொண்டே இருந்தேன். தெருமுனையில் அம்மா தலை தெரிந்ததும் ஓடினேன். அவள் கையைக் காட்டி நிறுத்தி, உள்ளே போய் நிற்கச் சொன்னாள். கொல்லைப்பக்கமாகப் போய், வேலைச் சேலையைத் தண்ணீரில் அமுக்கிவிட்டு, தலையோடு குளித்து, வேறு சேலை கட்டிக்கொண்டு வந்தாள்.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். இயற்பியலில் பட்டம் வாங்கியிருக்கிறேன். ஆனால் சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்குகளை எழும்ப வைத்துக் காட்டி, உரசுகிற நைலானிலும் மின்சாரம் ஏறும், உலோகத்தைத் தொட்டால் அது மண்ணுக்கு இறங்கிவிடும் என்று சொல்லித்தரும் வகுப்புக்கு நான் போய்ச் சேர அன்றைக்கு இன்னும் பல வருடங்கள் இருந்தன.

அம்மா முற்றத்து அடிகுழாயின் இரும்புக் கைப்பிடியில் உள்ளங்கையை வைத்தாள். சற்று நேரம் அப்படியே நின்றாள். தண்ணீர் அடிக்காமலே கையை எடுத்தாள். பிறகு துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து என்னைப் பார்த்தாள்.

“இப்பச் சுத்து தாயி.”

கவுன் முழுவட்டமாக விரியும்வரை சுற்றினேன். தலை கிறங்கி அவள் மடியில் விழுந்தேன். அவள் தள்ளவில்லை. அந்த நீலத்தோடு சேர்த்து என்னை இறுக்கிக்கொண்டாள். பாவம், களைப்பில் தண்ணீர் அடிக்க மறந்துவிட்டாள் என்று எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அவள் பிடியிலிருந்து நழுவி ஓடிப்போய், கைப்பிடியில் தொங்கித் தொங்கி, அவளுக்காக ஒரு குடம் தண்ணீர் அடித்து வைத்தேன்.