தானாக நிரம்பிய பெயர்

கீரமங்கலத்தில் என் வீட்டு மாடியில் உட்கார்ந்து வெப்சைட் செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. கட்டுமாவடிக்குத் தெற்கே ஒரு சின்னக் கரையில் நாட்டுப்படகுக்காரர்கள் சேர்ந்து சங்கம் வைத்திருந்தார்கள். தினமும் யார் யார் கடலுக்குப் போகிறார்கள் என்று பதிந்துவைக்க அவர்களுக்கு ஒரு பக்கம் செய்து கொடுத்தேன். இரண்டு எழுத்து அடித்தால் பொருந்தும் பெயர்கள் கீழே வரிசையாக வரும். வேண்டியதைத் தொட்டால் போதும்.

அதுவரை நோட்டுதான். பதிவு எழுதும் அண்ணன், தலையைத் தூக்காமலே ஒவ்வொரு படகுக்காரரிடமும் "கூட யாரு?" என்று கேட்டு எழுதுவார்.

ஒரு வாரத்தில் அவர் போன் செய்தார். "ஏம்மா, அத்தனை பேரும் டீசல் கேனைத் தூக்கிக்கிட்டு நிக்கிறாங்க. ஒவ்வொரு பேரா தொட்டுக்கிட்டு இருந்தா எப்பப் போறது? தெனமும் அதே ஆளுகதானே போறாங்க?"

நியாயமாகத்தான் பட்டது. படகு எண்ணை அடித்த உடனே, அதில் கடைசியாகப் போனவர்களின் பெயர்கள் தாமாக நிரம்பும்படி மாற்றினேன். அண்ணன் பாராட்டித் தள்ளினார். எனக்கு மண்டைக்கனம் ஏறியது. அன்றோடு அந்தக் கரையில் "கூட யாரு?" என்ற கேள்வி நின்றுபோனதை நான் கவனிக்கவே இல்லை.

வழக்கமான ஆள் வராவிட்டால் அங்கே யாரும் படகைக் கட்டிப்போடுவதில்லை. கரையில் நிற்பவரைக் கூப்பிட்டு ஏற்றிக்கொள்வார்கள். ஊருக்கே தெரிந்த விஷயம். எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை.

இரண்டு பேர் போகும் படகு ஒன்று ஒருநாள் காலையில் கவிழ்ந்தது. படகுக்காரர் வலையில் சிக்கிப் பிணமாகக் கிடைத்தார். பட்டியலில் இருந்த இன்னொருவருக்குப் போன் போட்டார்கள். "நான் போகலைங்க. அம்மாவைக் கூட்டிக்கிட்டு அறந்தாங்கி ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கேன்" என்றார். படகுக்காரர் வேறு யாரையாவது ஏற்றியிருப்பாரோ என்று ஒருவர் இழுத்தாராம். "ஏத்தியிருந்தா கம்ப்யூட்டர்ல பேரு இருக்குமே" என்றார் அண்ணன். தேடப்போன படகுகள் மதியத்துக்குள் திரும்பிவிட்டன.

மூன்றாம் நாள் இன்னொரு உடல் ஒதுங்கியது. கறம்பக்குடிப் பக்கம் விவசாயம் பொய்த்து, கரைக்கு மீன் கூடை தூக்க வந்தவர். கரையில் அவரைத் தேட ஆள் இல்லை. ஒரு காலி கேனை இடுப்போடு இறுக்கிக் கட்டியிருந்தார். படகு கவிழ்ந்த பிறகும் வெகுநேரம் உயிரோடு மிதந்திருக்கிறார். யார் என்ன சமாதானம் சொன்னாலும், அவரைக் கடலில் விட்டுவிட்டு வந்ததில் என் கையும் இருக்கிறது.

பத்து நாள் கழித்து அவர் மனைவி என் வீட்டுக்கு வந்தார். நிவாரணப் பணம் கொடுக்க, கணவர் கடலுக்குப் போனதற்கு ஆதாரம் கேட்கிறார்களாம். "அவரு பேரை அதுல போட்டுக் குடுங்கம்மா" என்றார்.

திரையில் பெயர் அடிக்கும் பெட்டியில் இரண்டு எழுத்து அடித்தேன். கீழே எதுவும் வரவில்லை. அவர் பெயர் எங்கள் பட்டியலில் ஒருநாளும் இருந்ததில்லை. முழுப் பெயரையும் நானே அடித்தேன்.

அந்த அம்மாள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சண்டை போடும் குரலில் அல்ல, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்:

"இவ்வளவு நேரந்தானா ஆகும்?"