மருந்துக்கடைக் காட்சி

அந்தப் படத்தை நான் ஏழெட்டு முறை பார்த்திருக்கிறேன். இதைச் சொல்லவே நாக்குக் கூசுகிறது. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. கேரள எல்லையோரம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் என்னைத் தெரிந்தவர்களைக் கேட்டால், பால் சொசைட்டி வரிசையில்கூட யாரோடும் நிமிர்ந்து பேசாத ஆள் என்பார்கள்.

மலையாளப் படம்தான். கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும் மூன்று பையன்கள். மூன்று பேருக்கும் மண்டையில் ஒரே நினைப்பு, வாயைத் திறந்தால் பச்சைப் பேச்சு. என் மனைவியின் தம்பி சொல்லித்தான் பார்த்தேன். மத்தியானம் தென்னந்தோப்புக்குத் தண்ணீர் விடும்போது மோட்டார் ரூமில் உட்கார்ந்துகொள்வேன். மோட்டார் ஓடுகிற சத்தத்தில் படச்சத்தம் வெளியே போகாது. நான் சிரிப்பதும் போகாது.

அதில் ஒரு காட்சி. ஒருவன் மருந்துக்கடைக்கு ஆணுறை வாங்கப் போகிறான். கேட்க வாயெடுக்கும் நேரத்தில் அவன் அம்மாவின் தோழி வந்து பக்கத்தில் நிற்கிறாள். இருமல் மருந்து என்கிறான். அவள் போனதும் மறுபடி வாயெடுக்கிறான், அவனுடைய வாத்தியார் வருகிறார். இன்னொரு இருமல் மருந்து. கடைசியில் நான்கு பாட்டிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெளியே வருகிறான். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வயிறு வலிக்கும்.

ஆனால் அந்தச் சிரிப்புக்காக மட்டும் பார்த்தேன் என்றால் அது பொய். அதே பையன் பிறகு தான் காதலிக்கும் பெண்ணோடு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பான். "எனக்குப் பயமாக இருக்கிறது" என்பான். அவளும் "எனக்கும்தான்" என்பாள். எனக்குக் கல்யாணம் ஆன புதிதில், பொழுது விடியும் முன்பே எழுந்து தோப்புக்குப் போய்விடுவேன். பயம். இப்படி ஒரு கோளாறு எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடமும்கூட. எல்லோருக்கும் உள்ளதுதான் என்று சொல்ல, ஒரு பச்சைப் பேச்சுப் படம் வர வேண்டியிருந்தது.

படத்தில் இன்னொரு இடமும் உண்டு. மூன்று பேரும் சேர்ந்து செய்த கூத்துக்குப் பழி ஒருவன் மேல் விழும். அப்போது இந்த இருமல் மருந்துப் பையன் அந்தக் கூட்டாளியின் அப்பா முன்னால் போய் நின்று, "நான்தான் செய்தேன்" என்பான். அங்கே எனக்கு ஒவ்வொரு முறையும் கண் கலங்கும்.

மருந்துக்கடைக் காட்சி மட்டும் துண்டாக ஒரு நாள் ஃபோனில் வந்தது. அதை மைத்துனனுக்கு அனுப்பலாம் என்று தோன்றியது. என் ஃபோனில் பெயர்களை எல்லாம் என் மகன் இங்கிலீஷில் போட்டு வைத்திருக்கிறான். எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். அதனால் ஆட்களைப் படத்தை வைத்துத்தான் அடையாளம் பிடிப்பேன். மைத்துனன் தன்னுடைய கறுப்பு வெள்ளை மாட்டைப் படமாக வைத்திருந்தான். மாட்டைத் தேடினேன், இருந்தது, அனுப்பினேன். ஃபோனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தோப்பில் தண்ணீருக்கு மடை மாற்றப் போய்விட்டேன்.

சாயந்தரம் கேனோடு சொசைட்டிக்குப் போனால், பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். பின்னால் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. செக்ரட்டரி தன் ஃபோனை என் பக்கம் திருப்பினார்.

"ஏனுங்க, குரூப்புல என்னங்க இது? பொம்பளைங்கெல்லாம் இருக்கற எடமுங்க."

நான்கு பாட்டிலோடு அந்தப் பையன் நின்றிருந்தான். சொசைட்டி குரூப்பின் படமும் கறுப்பு வெள்ளை மாடுதான் என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது.

"நீங்க போட்டிருக்க மாட்டீங்க. உங்களுக்கு ஒரு குட் மார்னிங் போடக்கூடத் தெரியாது. பையன் வேலைங்களா?"

யார் எது கேட்டாலும் சிரித்துத் தலையாட்டுவது என் பழக்கம். அன்றைக்கும் தலை ஆடியது. ஆனால் பழக்கத்தால் ஆடியது என்று சொல்ல மாட்டேன். எதற்கு ஆட்டுகிறேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

பின்னால் நின்ற அக்கா ஒருத்தி, "வயசுப் பையனைப் போயி வையாதீங்க. நாலு பாட்டலு வாங்கறான் பாருங்க, நானே சிரிச்சுப்போட்டேன்" என்றாள். வரிசையே சிரித்தது. செக்ரட்டரி சிரிக்கவில்லை.

அவர் சிரிக்காததற்குக் காரணம் இருந்தது. சொசைட்டியில் பாலைச் சோதித்து எடுக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. என் மகன் டிகிரி முடித்து வீட்டில் இருந்தான். யாரிடமும் எதையும் கேட்காத நான், அவனுக்காக வாய்விட்டுக் கேட்டிருந்தேன். "அடுத்த கமிட்டியில முடிச்சரலாமுங்க" என்று அவரும் சொல்லியிருந்தார். அந்தக் கமிட்டி மறுநாள்.

நான் வீடு போய்ச் சேரும் முன்பே செய்தி போயிருந்தது. மனைவி மகனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டா, புத்தி இருக்குதா உனக்கு? நாளைக்கு அந்தப் பொம்பளைங்க முன்னால எந்த மூஞ்சிய வெச்சுட்டு நிப்பே?"

"நான் எதுக்கும்மா போடறேன்? அது அப்பா ஃபோனு."

"ஆமா, உங்கப்பா போட்டாராக்கும்! அந்த மனுசனுக்கு ஃபோனக் கட் பண்ணவே தெரியாது."

நான் வாசலில் கேனைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவிய கேனையே திரும்பவும் கழுவினேன். மகன் என்னைப் பார்த்தது தெரிந்தது. நான் நிமிரவில்லை.

"சரி உடும்மா" என்றான். "தெரியாம கை பட்டிருக்கும்."

யார் கை என்று அவன் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் பால் ஊற்றிவிட்டு வந்தேன். சாயந்தரமும் ஊற்றிவிட்டு வந்தேன். இரண்டு தடவையும் செக்ரட்டரி எனக்கு எட்டிய தூரத்தில்தான் இருந்தார். வாய் வரைக்கும் வந்தது, அதற்கு மேல் வரவில்லை. இருமல் மருந்து என்றுகூடச் சொல்லத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் காலையில், வரிசையில் என் முறை வந்ததும், "அந்தப் படம் நான் போட்டதுங்க" என்றேன்.

"என்னங்க?" என்றார். சத்தமாகச் சொல்ல வேண்டியதாயிற்று.

"நாந்தானுங்க. என்ற மச்சினனுக்கு அனுப்பறக்குப் பார்த்தேன். அவன் படமும் மாடு, குரூப்புப் படமும் மாடு."

அந்த அக்கா, "அட சாமி! நீங்களா? ஊமையாட்ட இருந்துட்டு! ஏனுங்க, முழுப் படமும் இருக்குதுங்களா?" என்றாள். பெண்கள் கேனைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். இவ்வளவுதானா, இதற்கா பயந்தேன் என்று இருந்தது.

செக்ரட்டரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இத நேத்தே சொல்லியிருக்கலாமுங்க. நேத்து கமிட்டியில வேற பையன எடுத்தாச்சுங்க."

வீட்டுக்கு வந்து மகனிடம் சொன்னேன், போட்டது நான்தான் என்று.

"தெரியுமுங்கப்பா" என்றான். அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். மாமனுக்கு ஃபோன் போட்டு, மாட்டை எடுத்துவிட்டு அவன் மூஞ்சியையே வைக்கச் சொன்னான். என் ஃபோனை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். "இனி மாறாதுங்கப்பா."

இப்போது அவன் காலை பஸ்ஸில் பொள்ளாச்சிக்கு வேலைக்குப் போகிறான். நான் பால் கொண்டுபோகும் நேரமும் அதுதான். அவன் நிற்கும் ஸ்டாப்பைத் தாண்டித்தான் சொசைட்டி. கேன் பக்கம் பார்த்துக்கொண்டே நடந்துவிடுவேன். பாலை எடுத்துச் சோதிக்கும் பையன் நல்ல பையன்தான். என்னைக் கண்டால் சிரிப்பான்.

படத்தை விட்டுவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். விடவில்லை. மோட்டார் ரூமில் இன்றும் பார்க்கிறேன், மருந்துக்கடைக்கு இன்றும் சிரிப்பு வருகிறது. அந்தப் பையன் கூட்டாளியின் அப்பா முன்னால் போய் நிற்கிற இடம் வந்தால் மட்டும் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மடை மாற்றப் போய்விடுகிறேன்.