காலியாக இருந்த கட்டம்

அரசு செய்வது மட்டுமல்ல, செய்யாமல் விடுவதும் கொள்கைதான் என்று பரீட்சையில் எழுதி முழுப் புள்ளி வாங்கியவன் நான்.

பிறகு பதுளையில் அரசாங்க வேலை கிடைத்தது. மண்சரிவு அபாயத்தில் இருப்பவர்களுக்குப் புது வீடு கொடுக்கும் திட்டத்துக்கு விண்ணப்பம் தயாரித்ததும் நான்தான். அதில் காணி உறுதிப் பத்திரத்தின் இலக்கம் கேட்டிருந்தேன். தேயிலைத் தோட்டத்துக்குச் சொந்தமான லயத்து அறைகளில் இருப்பவர்களுக்கு ஏது உறுதி? டவுனில் வளர்ந்த எனக்கு அது மடுல்சீமைத் தோட்டத்துக்குப் போனபோதுதான் உறைத்தது.

கொழுந்து பறிக்கும் செல்வராணியக்காவின் அறையில் உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பினேன். உறுதிக் கட்டம் மட்டும் காலியாக நின்றது. அது காலியாக இருந்தால் விண்ணப்பம் செல்லாது. வெளியே அடைமழை. மண் சரிந்து பாதை மூடிவிட்டதாகச் சொன்னார்கள். அந்த ஒற்றை அறையில் நானும் மாட்டிக்கொண்டேன். எதிர்ச் சுவரில் நீளமாக ஒரு வெடிப்பு. அதன்மேல் போன வாரம் ஒட்டியதாக அக்கா சொன்ன காலண்டர் தாள் வெடிப்பின் வழியே கிழிந்திருந்தது.

“உறுதி இல்லாதவங்க விசயத்துல மேல இன்னும் முடிவு எடுக்கலக்கா” என்றேன்.

அவர் தேத்தண்ணியை நீட்டினார். “அப்ப நாங்க இங்கயே கெடக்கணும்ங்கிறதுதானே சார் முடிவு?”

தேத்தண்ணியை வாங்கிக்கொண்டேன்.

மாலையில் பாதை திறந்தது. நான் பஸ் ஏறிவிட்டேன். அந்தக் கட்டத்தை எடுத்துவிடச் சொல்லி மேலிடத்துக்கு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்பது எனக்குப் பாடமாகத் தெரியும்.