துண்டுக்கு அடித்த ஹாரன்

என் அப்பா அதிகம் பேச மாட்டார். சிரிப்பதிலும் சிக்கனம்தான். பரீட்சைத் தாளை நீட்டினால் கையெழுத்துப் போடுவாரே தவிர, "கெட்டிக்காரி" என்று ஒரு சொல் வராது. ஆனால் ரயில் ஹாரனில் அவர் என்னோடு தினமும் பேசினார். அந்த வகையில் என் வகுப்பில் யாருக்கும் வாய்க்காத அப்பா எனக்கு வாய்த்திருந்தார்.

பாகான் டாலாமில் எங்கள் வீடு தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. சமையலறைக் கதவைத் திறந்தால் இரண்டு வாழை மரங்கள், ஒரு சாக்கடை, அதைத் தாண்டினால் கல் மேடும் தண்டவாளமும். மின்சார ரயில் வருவதற்கு முந்தைய காலம் அது. இப்போது இருப்பது போல உயரமான வேலி கிடையாது. கோழி, நாய், மனிதர் எல்லாரும் அவரவர் அவசரத்துக்கு லைனைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா டீசல் எஞ்சின் ஓட்டினார். தெற்கிலிருந்து பட்டர்வொர்த் ஸ்டேஷனுக்கு வரும் அவருடைய வண்டி வீட்டை நெருங்கும்போது நான் கல் மேட்டின் ஓரம் நின்று குளிக்கிற துண்டைத் தலைக்கு மேல் ஆட்டுவேன். அப்பா குட்டையாக இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். கேட்டதும் துண்டை இறக்கிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். 'பார்த்துவிட்டேன், போதும்' என்று அதற்கு அர்த்தம். அந்த ஒப்பந்தம் எப்போது தொடங்கியது என்று எனக்கு ஞாபகம் இல்லை. நான் நடக்கத் தொடங்கியபோதே துண்டோடுதான் நடந்தேன் என்று அம்மா சொல்வார்.

அந்த ஹாரனால் அம்மாவுக்கும் லாபம் இருந்தது. சத்தம் கேட்டதும் ரைஸ் குக்கரின் பொத்தானைத் தட்டிவிடுவார். அப்பா வண்டியை ஒப்படைத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் வீடு வந்து சேர்வதற்கும் சோறு வெந்து முடிவதற்கும் சரியாக இருக்கும். அம்மாவின் தம்பியான என் மாமாவுக்கு இது ஓயாத கேலிப்பொருள்.

"ஊர்ல எல்லாரும் கடிகாரம் பாத்து சமைக்கிறாங்க. எங்க அக்காவுக்கு மட்டும் ரயிலே வந்து மணி அடிக்குது லா!"

எனக்கு எட்டு வயது இருக்கும்போது, மழைக்காலத்தின் ஒரு சனிக்கிழமை, அம்மாவும் நானும் என் காலுக்குப் பள்ளிச் சப்பாத்து வாங்க ஃபெரி ஏறி ஜார்ஜ் டவுனுக்குப் போனோம். திரும்பி வரும்போது நடுக்கடலில் தெற்கு வானம் திடீரென்று கறுத்துவிட்டது. மேகத்திலிருந்து ஒரு கறுப்புக் குழாய் வளைந்து வளைந்து கடலுக்குள் இறங்கியது. அது தண்ணீரைத் தொட்ட இடத்தில் புகை போல ஏதோ எழும்பியது. எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலாய்க்கார அம்மா, "புத்திங் பெலியோங்" என்று சொல்லித் தன் பிள்ளையை மடிக்குள் இழுத்துக்கொண்டார். சுழல்காற்றுக்கு மலாயில் அதுதான் பெயர் என்று அம்மா சொன்னார். அம்மாவின் உதடுகள் ஜெபமாலை சொல்லத் தொடங்கிவிட்டன. எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. இப்படி ஒன்றை அப்பாகூடப் பார்த்திருக்க மாட்டார் என்பதே என் எண்ணமாக இருந்தது.

அந்தக் குழாய் கடலிலேயே அறுந்து போய்விட்டது. ஆனால் மேகம் கரையேறியது. நாங்கள் வீடு வந்தபோது பக்கத்து வீட்டுக் கூரையின் தகரம் எங்கள் சாக்கடையில் கிடந்தது, வாழை இரண்டும் படுத்திருந்தன. நான் துண்டை எடுத்துக்கொண்டு பின்வாசலில் நின்றேன். அம்மா அரிசியைக் களைந்து குக்கரில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். ரயில் வரவில்லை. மழை விட்டு, மறுபடி பிடித்து, மறுபடி விட்டது. அம்மா மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றினார். அப்போதுதான் எனக்கு லேசாகப் பயம் வந்தது. ஏனென்றால் அம்மா மெழுகுவர்த்தியை வீணாக்குகிறவர் அல்ல.

கடைசியில் மாமா நனைந்து வந்து சேர்ந்தார்.

"அக்கா, பயப்படாத. மச்சானுக்கு ஒண்ணும் ஆவல. சுங்கை பாக்காப் பக்கம் காத்து பேயா அடிச்சிருக்கு, லைன் மேல மரம் விழுந்து கெடந்திருக்கு. பிரேக் போட்டு வண்டிய கவுறாம காப்பாத்திட்டாரு. உள்ள இருந்தவங்க ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்ல."

பிறகு குரலைத் தாழ்த்தி, லைன் ஓரம் நின்ற எஸ்டேட் ஆள் ஒருவர் மரத்தில் அடிபட்டு இறந்துபோய்விட்டார் என்றும் சொன்னார். அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். நானும் போட்டுக்கொண்டேன். அதற்குமேல் அந்த ஆளைப் பற்றி நான் நினைக்கவில்லை.

அப்பா யாருடைய காரிலோ வந்து இறங்கினார். முழங்கால் வரை சேறு, சட்டையெல்லாம் இலைத் துணுக்கு. நான் ஓடிப்போய் கடலில் இறங்கிய கறுப்புக் குழாயைப் பற்றி மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் என் கையில் இருந்த துண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லையே என்று பொறாமைப்படுகிறார் என்று நினைத்தேன்.

அடுத்த சில நாட்கள் எங்கள் வீட்டில் கல்யாணக் கூட்டம். பக்கத்து வீட்டுக்காரர்கள், கோயில் சனங்கள், அப்பாவோடு வேலை செய்தவர்கள் எல்லாரும் வந்தார்கள். ஒருவர் கேக் கொண்டுவந்தார், ஒருவர் டுரியான் கொண்டுவந்தார். அவரவருக்குத் தெரிந்த புயலைச் சொல்லிவிட்டு, இத்தனை உயிரைக் காப்பாற்றிய கை என்று அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அப்பா அந்தக் கையை அவர்களிடம் கொடுத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இப்படி ஒரு கூச்சமா என்று ஊரே மெச்சியது. பள்ளியில் நான் அந்தக் கூச்சத்தைக் கொஞ்சமும் கடைப்பிடிக்கவில்லை. என் கதையில் மரம் நாளுக்கு நாள் பருத்துக்கொண்டே போனது.

மேலதிகாரிகள் கூப்பிட்டு விசாரித்தார்கள். அதிலும் அப்பாமேல் எந்தக் குற்றமும் இல்லை. மாமா அதை எல்லாருக்கும் நடித்தே காட்டினார்.

"ஸ்பீட கொறச்சீங்களான்னு கேட்டாங்க, கொறச்சேன்னாரு. ஆள பாத்ததும் ஹாரன் அடிச்சீங்களான்னு கேட்டாங்க, அடிச்சேன்னாரு. அவ்ளோதான், முடிஞ்சுது. ரூல் புக்குல என்ன இருக்கோ அத்தனையும் நம்ம மச்சான் செஞ்சிருக்காரு!"

அப்பா எழுந்து பின்பக்கம் போய்விட்டார். வெகுநேரம் கழித்து நான் போய்ப் பார்த்தபோது, விழுந்த வாழையின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிட வரச் சொன்னேன். வந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

அது என்ன ஹாரன் என்று அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கே சில மாதங்கள் கழித்துத்தான் அப்பா சொன்னார். அம்மா எனக்குச் சொன்னது நான் படித்து முடித்து வேலைக்குப் போன பிறகு. சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னார். நடந்தது இதுதான்.

அந்த இடத்தில் தகரங்கள் லைனுக்குக் குறுக்கே காகிதம் போலப் பறந்தனவாம். செம்பனை மட்டைகள் எஞ்சின் கண்ணாடியில் வந்து மோதினவாம். அப்பா வேகத்தைக் குறைத்து ஓட்டினார். பிறகு காற்று கொஞ்சம் அடங்கியது, மழை மட்டும் நின்றபாடில்லை. உடன் இருந்த உதவி டிரைவர் மறுபக்க ஜன்னலில் இருந்தார், அவருக்கு மழையைத் தவிர எதுவும் தெரியவில்லை. அப்பா பக்கத்தில், வளைவுக்கு முன்னால், லைன் ஓரத்தில் ஓர் ஆள் நின்று துண்டை ஆட்டினார். நீலத் துண்டு. தலைக்கு மேல் தூக்கி, இரண்டு பக்கமும் வீசி வீசி ஆட்டினார்.

துண்டைக் கண்டதும் அப்பாவின் கை தானாக எழுந்து குட்டையாக இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டது.

"உன்ன நெனச்சு அடிச்சாராம்டி," என்றார் அம்மா. "நெனச்சுகூட இல்ல, கை பழகிப் போச்சாம். தெனமும் துண்ட பாத்தா அடிக்கிற கைதானே? அந்த ஆளு ஹாரன கேட்டதும் துண்ட எறக்கிட்டு ஒதுங்கி நின்னாராம். டிரைவருக்கு வெளங்கிருச்சு, இனி நிறுத்திருவாருன்னு நெனச்சிருப்பாரு, பாவம். மூஞ்சில சிரிப்புகூட இருந்துச்சாம். அப்புறந்தான் வளைவுல மரம் தெரிஞ்சுது."

அப்பா அப்போது பிரேக் போட்டார். வண்டி நிற்பதற்குள் எஞ்சின் மரத்தைத் தள்ளிவிட்டது. மரம் சுழன்று, ஓரத்தில் நம்பி நின்ற ஆளை அடித்துவிட்டது. கொஞ்சம் முன்னால் பிரேக் போட்டிருந்தால் வண்டி மரத்தைத் தொட்டிருக்காது. ஹாரனே அடிக்காமல் இருந்திருந்தாலும் அந்த ஆள் துண்டை ஆட்டிக்கொண்டே எஞ்சினை நோக்கி ஓடி வந்திருப்பார், மரத்தைவிட்டு விலகியிருப்பார். விசாரணையில் அப்பாவைக் காப்பாற்றியது அந்த ஹாரன்தான். அவரை அரித்துத் தின்றதும் அதுதான்.

இதில் எதுவுமே தெரியாத நான், அப்பா மறுபடி வண்டி ஓட்டப் போகிறார் என்று கேள்விப்பட்ட அன்று பள்ளியிலிருந்து பறந்து வந்தேன். அத்தனை நாளும் அவர் வீட்டில் இருந்தார், ஆனால் இல்லாதது போல இருந்தார். அந்த இரண்டு ஹாரன் மட்டும் வந்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நான் உறுதியாக நம்பினேன். எனக்கு அது வேண்டியிருந்தது. கொடியில் கிடந்ததிலேயே பெரிய துண்டாகப் பார்த்து உருவிக்கொண்டு கல் மேட்டுக்கு ஓடினேன்.

வானம் மூடிக் கிடந்தது, மழை இல்லை. தூரத்தில் எஞ்சின் தெரிந்தது. துண்டைத் தூக்கி ஆட்டினேன். ஹாரன் வரவில்லை. பார்க்கவில்லை போலிருக்கிறது என்று நுனிக்காலில் நின்று இன்னும் உயரத் தூக்கி, இரண்டு பக்கமும் வீசி வீசி ஆட்டினேன். அப்போதும் வரவில்லை. அதற்குப் பதிலாக இரும்போடு இரும்பு உரசுகிற ஒரு நீண்ட கிறீச்சிடல் கேட்டது. வண்டி முழுவதும் குலுங்கி, எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு முன்னால் நின்றுவிட்டது.

ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. அப்பா எஞ்சினிலிருந்து குதித்துக் கற்களின் மேல் ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. என்னிடம் வந்தும் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் நீண்டு கிடந்த தண்டவாளத்தைத்தான் பார்த்தார்.

"லைன்ல என்ன கெடக்கு? மரமா? சொல்லும்மா, என்ன கெடக்கு?"

"ஒண்ணும் இல்லப்பா. நான்தாம்பா."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்து துண்டை மெல்ல வாங்கிக்கொண்டார். எஞ்சினிலிருந்து உதவி டிரைவர், "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்பா திரும்பவில்லை.

"இங்க நிக்காத. உள்ள போ," என்றார். நான் சாக்கடையைத் தாண்டி நின்று திரும்பிப் பார்த்தேன். "இன்னும் போ. வீட்டுக்குள்ள போம்மா." நான் வாழை இருந்த இடத்துக்குப் போனேன். அவர் அசையவில்லை. நான் சமையலறைக்குள் நுழைந்து கதவைச் சாத்துகிறவரை ரயில் முழுக்க ஆட்களை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். துண்டை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கல்லாகப் பார்த்து மிதித்து எஞ்சினுக்கு நடந்து போனார். அவர் ஓட்டிய கடைசி வண்டி அதுதான். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலைதான் பார்த்தார். கல்லறைத் திருநாளன்று எங்கள் வீட்டுக் கல்லறைகளுக்கெல்லாம் ஏற்றிய பிறகு, பெரிய சிலுவையின் அடியில் தனியாக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவார். யாருக்கு என்று கேட்டால், தெரிந்தவர் ஒருவருக்கு என்பார்.

ஆனால் அன்றைக்கு எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வண்டி நகர்கிற சத்தம் கேட்டதும் அம்மா குளியலறையிலிருந்து அவசரமாக வெளியே வந்தார்.

"என்னடி இது, வண்டி போற சத்தம் கேக்குது? ஹாரன் அடிக்கலையே? குக்கர தட்டணுமே."

"ஹாரன் எதுக்கும்மா? அப்பா எனக்காக ரயிலையே நிறுத்திட்டாரு!"

அம்மா நம்பவில்லை. நான் சத்தியம் செய்தேன். எங்கே நின்றது, எப்படி இறங்கி ஓடி வந்தார் என்று நடித்துக் காட்டினேன், துண்டைக்கூட வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்றேன். அத்தனை வாரங்களாக இறுகிக் கிடந்த அம்மாவின் முகம் மெல்ல மெல்ல இளகியது. மனுஷன் ஒருவழியாகத் தேறிவிட்டார் என்று முணுமுணுத்துக்கொண்டு மாதா படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

"நாளைக்கும் நிறுத்துவாராம்மா?" என்று கேட்டேன்.

"வந்ததும் நீயே கேட்டுப் பாரு லா," என்று சிரித்துக்கொண்டே அம்மா குக்கரின் பொத்தானைத் தட்டினார்.